கதவுக்கு வரி

“இவ்ளோ படிச்சது, கதவுக்குக் கதவு நின்னு காசு கேக்கவாடி?”

அத்தை இப்படிக் கேட்டபோது நான் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் வீட்டுவரி போடும் மாவட்ட மன்றத்தின் ஊழியர் அட்டை தொங்கியது. கையில் ஒரு கட்டு துண்டறிக்கை. அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி கேட்டார்.

“காசு கேக்க வரல அத்த. வீட்ட அளக்க வர்றதுக்கு முன்ன சொல்லிட்டுப் போக வந்தேன்.”

“அளந்துட்டு என்னா செய்வீங்க? மால போடுவீங்களா? காசுதான கேப்பீங்க?”

அவர் சொன்னது உண்மை.

அவர் என் அப்பாவின் அக்காள். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போன காலைகளில் எனக்குச் சோறு ஊட்டி, சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றார். அப்பா நான்காம் வகுப்பு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியின் இறுதியான ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவள் நான்தான் முதல். அதற்கு மேல் நில மதிப்பீட்டில் டிப்ளோமாவும் முடித்தேன். மலை நகரமான தானா ராத்தாவில் மன்றத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் உதவியாளராக வேலை கிடைத்த அன்று, அம்மா என் நியமனக் கடிதத்தைச் சாமி மேடையில் வைத்து விபூதி பூசினார். எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, புதிதாக வரிப் பட்டியலில் சேர்க்க வேண்டிய இடங்களில் எங்கள் வரிசையும் வந்தது. தோட்டத்தை விட்டு விலகிய குடும்பங்கள் சேமநிதிப் பணத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. மேலே தேயிலைச் சரிவு. கீழே பெர்த்தாம் பக்கம் இறங்கும் காய்கறித் தோட்டங்கள். அவற்றின் பிளாஸ்டிக் கூரைகள் வெயில் அடித்தால் கண்ணைக் கூசும். நடுவில் ஒரே வரிசையாக வீடுகள். எங்கள் வீடு முதல் முனையில் இருக்கிறது. அத்தையின் வீடு சாலை வளையும் இடத்தில்.

தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தவரை குப்பை அள்ள ஆள் உண்டு, லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாயைக் கழுவ ஆள் உண்டு. தோட்டத் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் பயந்து நடக்க வேண்டியிருந்தது என்றாலும், சாக்கடையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. சொந்த மனைக்கு வந்த பிறகு அது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. வீடுகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. குப்பையெல்லாம் அங்கே போனது. வருடங்கள் போகப் போகப் பள்ளம் நிரம்பியது. மழை பெய்தால் குழந்தைகளுக்குக் கட்டிய பம்பர்ஸும் பிளாஸ்டிக் பைகளும் மிதந்து வந்து பின்பாதையில் படிந்தன.

மன்றத்தின் லோரி எங்கள் வரிசைக்கு வந்ததில்லை. பட்டியலில் இல்லாத இடத்துக்கு லோரிக்கு ஓட்டம் போட முடியாது. அலுவலகத்துக்குள் போன பிறகுதான் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். பள்ளி விடுமுறை வந்தால் மலை முழுக்க வெளியூர்க் கார்கள். ஸ்ட்ராபெரி வாங்குவார்கள், தேயிலைச் சரிவில் படம் எடுப்பார்கள், சாப்பிட்ட பெட்டிகளைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அதை அள்ளும் லோரிக்கு டீசல் போடுவது இங்கே வரி கட்டும் கொஞ்சம் பேரின் பணம். மீதிக்கு மேலிடத்து மானியத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மானியம் எதற்கென்று வருகிறதோ அதற்குத்தான் செலவழிக்கலாம். ஒரு லோங்காங் மூடி உடைந்தால்கூட மாற்றச் சொந்தக் காசு வேண்டும். எங்கள் பிரிவின் தலைவி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் புவான், மலாயில் மரியாதையாக அம்மா என்பது போல. “பிறர் கையைப் பார்த்து நிற்கும் மன்றம், மக்கள் கேட்டால் தலையைக் குனியத்தான் முடியும்,” என்று அவர் ஒருமுறை சொன்னார். எனக்கு அது தோட்டத்தை நம்பி வாழ்ந்த எங்கள் வீட்டுக் கதையைப் போலவே பட்டது.

ஆனால் இதையெல்லாம் அத்தைக்கு எப்படிச் சொல்வது?

அத்தையின் முன்கதவு தார்ச்சாலையைப் பார்க்கும். அந்தப் பக்கம் ஆள் வருவது குறைவு. வீட்டின் உயிர் பின்கதவில்தான். பெர்த்தாமிலிருந்து தேயிலைச் சரிவுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை அந்தக் கதவை உரசிக்கொண்டு போகிறது. விடிந்தும் விடியாமலும் வேலைக்குப் போகிறவர்கள் அதில் வருவார்கள். இப்போது பெரும்பாலும் பங்களாதேசிகளும் நேப்பாளிகளும், இந்தோனேசியாவிலிருந்து வந்த சில பெண்களும், நம்மவர்கள் இரண்டொருவரும். அத்தை கதவின் மேல்பாதியைத் திறந்து, கீழ்ப்பாதியின் மீது ஒரு பலகை போடுவார். அதில் பருப்பு வடை, தோசை, மீன் சம்பல், பெரிய அலுமினியக் கெண்டியில் தேநீர். எல்லோருக்கும் அது தே.

“அம்மா, தே சத்து!” என்பான் ஒருவன். மலாயில் சத்து என்றால் ஒன்று.

“சத்துலா போதுமா? காலங்காத்தால வடை திங்காம மலை ஏறுவியா?”

எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அத்தை தமிழில்தான் திட்டுவார். அவர்களுக்கும் புரிந்துவிடும். மாமா இறந்த பிறகு அந்தப் பின்கதவுதான் அத்தைக்குச் சோறு போட்டது. மகன் ஜொகூரில் இருக்கிறான். அனுப்புவான். ஆனால் மகன் அனுப்பும் பணத்தில் அத்தை பேரப்பிள்ளைகளுக்குத் துணி வாங்குவாரே தவிர, அரிசி வாங்கமாட்டார்.

குப்பை பாதையில் படியத் தொடங்கியதிலிருந்து கூட்டம் குறைந்தது. நாற்றம் தாங்காமல் பலர் தார்ச்சாலை வழியாகச் சுற்றிப் போனார்கள். அத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாவு ஆட்டும் அளவு குறைந்திருந்தது. நான் கவனித்தேன்.

முதல் தவறு என்னுடையது. துண்டறிக்கையைத் தமிழிலும் போட வேண்டும் என்று புவானிடம் கேட்டு, நானே எழுதினேன். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையில் ‘மதிப்பீட்டு வரி’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தேன். மறுநாள் மூன்றாவது வீட்டு அக்காள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, எம் பொண்ணு இப்பதான் மூனாம் ஆண்டு. மதிப்பீட்டுக்கு இப்பவே காசு கட்டணுமா? டீச்சர் ஒன்னும் சொல்லலியே?”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதிப்பதற்கும் மதிப்பீடு என்றுதான் பெயர். அந்தப் பெயரைத்தான் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். வரிசையில் பாதிப் பேர் நான் டியூஷன் நடத்தப் போகிறேன் என்று நினைத்திருந்தார்கள். பிள்ளை இல்லாத வீடுகளில் துண்டறிக்கையைப் பார்க்கவே இல்லை.

அதனால் அடுத்த முறை வீடு வீடாகப் போனபோது, எல்லோர் வாயிலும் புழங்கும் மலாய்ச் சொல்லையே சொன்னேன். சுக்காய் பிந்து. மலாயில் சுக்காய் என்றால் வரி, பிந்து என்றால் கதவு. கோலாலம்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மூலம் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

“ஓ, அதுவா!” என்றார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக இறங்கினேன்.

அடுத்த வாரம் அளவெடுக்கும் கருவியோடு போனபோது வரிசையே மாறியிருந்தது. பின்கதவுகளைக் காணோம். ஒரு வீட்டில் கூரைக்குப் போடும் சிங்க் தகடு அடித்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் கதவுக்குக் குறுக்கே துணி அலமாரி. மூலை வீட்டு அண்ணன், காய்கறி லோரி ஓட்டுபவர், என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

“நல்லா பாத்துக்கம்மா. எங்க வீட்டுக்கு ஒரே கதவு. ஒன்னே ஒன்னு. எழுதிக்க.”

“அண்ணே, கதவ எண்ணி வரி போடறது இல்லண்ணே. வீடு எவ்ளோ பெருசு, எப்படிக் கட்டியிருக்கு, வாடகைக்கு விட்டா என்னா வரும், அதப் பாத்துதான்.”

“அப்பறம் ஏன் கதவு வரின்னு பேரு வச்சீங்க?”

“நான் வைக்கலண்ணே.”

“எங்க கோழிக் கூண்டுக்கும் கதவு இருக்கு. அதையும் அடச்சிட்டேன். கோழிதான் இப்ப எங்க போறதுன்னு தெரியாம சுத்துது.”

அவர் மனைவி உள்ளேயிருந்து கத்தினார். “ஜன்னலுக்கு இருக்கான்னு கேளுங்க! அதையும் இப்பவே அடச்சிரலாம்!”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அலுவலகத்தில் சொன்னால் புவானும் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே அத்தை வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் சேர்த்து, குறுக்கே மூன்று பலகைகள் ஆணியால் அறையப்பட்டிருந்தன. வடைப் பலகையைத்தான் அறுத்து அடித்திருந்தார். எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. பாதையில் இரண்டு நேப்பாளிப் பையன்கள் நின்று, “அம்மா! அம்மா!” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே அத்தை இருந்தார்.

முன்பக்கமாக உள்ளே போனேன். அடுப்பு அணைந்திருந்தது. கெண்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“அத்த, நீங்களுமா? கதவுக்கு வரி இல்ல அத்த. பேருதான் அப்படி.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“எனக்கு மலாய் தெரியாதா? நாப்பது வருசம் தோட்டத்துல வேல வாங்குற மண்டோரோட சண்ட போட்டவ நான். கதவ எண்ணி வரி போடுற முட்டாப் பசங்க ஒலகத்துல இருப்பாங்களா? பக்கத்து வீட்டுக்காரங்க என்னையப் பாத்துட்டு அடச்சாங்க. நான் ஒன்னும் சொல்லல.”

“பின்ன எதுக்கு அடச்சீங்க?”

அத்தை என் கழுத்து அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கு லைசென் இல்லடி. இத்தன வருசமா இல்ல. அளக்க வர்றவங்க அடுப்பையும் பலகையையும் பாப்பாங்க. பாத்துட்டுச் சும்மா போவாங்களா? மூடுன்னு சொல்றதுக்கு முன்ன நானே மூடிட்டேன். அது கொஞ்சம் மரியாதையா இருக்கும்.”

அளக்க வருகிறவள் நான். அத்தை பலகை அடித்தது எனக்கு எதிராக.

“நீ பாக்காத மாதிரி போயிடு பாப்பா. சமையலறைன்னு எழுதிக்க.”

“பாத்துட்டேனே அத்த.”

“அப்ப எழுது. போ. படிச்ச புள்ள பொய் எழுதக் கூடாதுல்ல.”

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அத்தை என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவார். நான் வந்தால் எழுந்துவிடுவார். அப்பா எனக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

நான் லைசென்ஸ் பகுதியில் வேலை செய்யும் தோழியிடம், யார் என்று சொல்லாமல், வீட்டில் பலகாரம் விற்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கட்டணம் அப்படியொன்றும் பெரிதில்லை. டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். உணவைக் கையாளும் பயிற்சி வகுப்பில் ஒரு நாள் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு சுகாதாரப் பகுதியிலிருந்து இடத்தைப் பார்க்க வருவார்கள். இடம் சுத்தமாக இருக்க வேண்டும். சமையலறைக்குப் பின்னால் குப்பைமேடு இருந்தால் கிடைக்காது.

அத்தையின் பின்கதவுக்கும் குப்பைமேட்டுக்கும் இடையில் நான்கு அடி இருக்கும்.

பேருந்தில் வீடு திரும்பும்போது ஒவ்வொன்றாக யோசித்தேன். கடை திறக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைக்கப் பள்ளம் சுத்தமாக வேண்டும். பள்ளம் சுத்தமாக லோரி வர வேண்டும். லோரி வர வரிசை பட்டியலில் ஏற வேண்டும். அத்தை எதற்குப் பயந்து ஆணி அடித்தாரோ, அது வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். இதைப் போய்ச் சொன்னால் அவர் நம்பமாட்டார். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். வாங்குவதற்கு மட்டும் கையை நீட்டுகிறவர்களைத்தான் அவர் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் புவானிடம் போனேன். அந்த வரிசையில் ஒரு வீடு என் அப்பா அம்மாவுடையது, ஒன்று என் அத்தையுடையது என்பதை முதலில் சொன்னேன். அந்த இரண்டு வீடுகளின் அளவை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தானே கையெழுத்துப் போடுவதாக அவர் சொன்னார். பிறகு கேட்டேன்.

“லோரியை முதலில் அனுப்ப முடியுமா, புவான்? பில் பிறகு போகட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லா இடத்திலும் இதையேதான் கேட்கிறார்கள், எல்லோருக்கும் முதலில் லோரி என்றால் லோரிக்கு யார் முதலில் கொடுப்பது என்றார். அதில் தப்பில்லை. நான் கதவுகளின் கதையைச் சொன்னேன். கோழிக் கூண்டு வந்ததும் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ஒரு மாதம்,” என்றார். பெர்த்தாம் போகும் லோரி திரும்பி வரும் வழியில் செவ்வாய்க்கிழமைகளில் நின்று போகும். ஒரு மாதத்துக்குப் பிறகு வீடுகள் அளக்கத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் மேலே பதில் சொல்ல முடியாது.

வரிசை முழுக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை, லோரி வரும், காசு இல்லை, குப்பையை மட்டும் வெளியே வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை லோரி வந்தது. தூறல். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பைகூட வெளியே வரவில்லை. ஜன்னல் திரைகள் மட்டும் அசைந்தன. எங்கள் வீட்டுப் பையை நானே கொண்டுவந்து போட்டேன். அந்தப் பெரிய லோரிக்குள் அது ஒரு தேங்காய் மூடியைப் போலக் கிடந்தது. ஓட்டுநர் நெகிரி செம்பிலான் பக்கத்துத் தமிழர், வயதானவர். கேலியாகக் கேட்டார்.

“தங்கச்சி, இந்த ஊர்ல யாரும் சாப்புட்றது இல்லையா?”

மூலை வீட்டு அண்ணனைப் போய்க் கேட்டேன். அவர் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து மெதுவாகச் சொன்னார். “சம்பா குடுத்தா சரின்னு சொன்ன மாதிரி ஆயிடும்னு பேசிக்கிறாங்கம்மா. எந்த வீடு குடுக்குதோ அந்த வீட்டுக்கு பில்லு வரும்னு.”

மலாயில் சம்பா என்றால் குப்பை. வாழ்நாளில் முதல் தடவையாக எங்கள் மக்கள் அதை வைரத்தைப் போலப் பூட்டி வைத்திருந்தார்கள்.

எனக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது. ஆனால் அவர்களை முட்டாள்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டு பிறகு வேறு ஒன்றைக் காட்டியவர்களிடம் எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே ஏமாந்தவர்கள். கொடுப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்று என்று அவர்களுக்கு யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த செவ்வாய் குளிர் அதிகம். மலையில் பனி இறங்கி, லோரியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அன்றும் பைகள் வரவில்லை. லோரியின் பின்னால் நிற்கும் இரண்டு மலாய்க்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்கள். பின்பாதையில் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது அதில் ஒருவர் அத்தையின் கதவைப் பார்த்தார். பலகை அடித்திருந்தாலும் அதன் பக்கத்தில் சுவரில் கரிக்கட்டையால் வரைந்த ஒரு கோப்பைப் படம் இருந்தது. எவனோ ஒரு பையன் எப்போதோ வரைந்தது.

அவர் பலகையைத் தட்டினார். “மாச்சிக், தே அடா?” தே இருக்கிறதா அம்மா என்று கேட்டார்.

உள்ளே சத்தம் இல்லை. அவர் மறுபடி தட்டினார். குளிர் எலும்புக்குள் போகிறது மாச்சிக் என்று மலாயில் கெஞ்சினார். உள்ளே கெண்டி அடுப்பில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல்.

அத்தையே உள்ளேயிருந்து தட்டிப் பலகையைப் பெயர்த்தார். ஆணி வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திட்டினார். “இந்தக் குளிர்ல மனுசனுக்கு ஒரு தண்ணி குடுக்க முடியலன்னா என்னா பொழப்பு இது... தூரப் போங்கடா, பலக கால்ல விழும்...” மேல்பாதி திறந்தது. ஆவி பறக்கும் கோப்பைகள் வெளியே வந்தன. அந்த வயதான ஓட்டுநரும் வந்தார். வடை இல்லையா என்று கேட்டார். நேத்தே சொல்லியிருந்தா போட்டிருப்பேன் என்றார் அத்தை.

அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் அத்தை அவர்களுடைய சட்டையைக் கவனித்தார். சட்டையில் மன்றத்தின் சின்னம் இருந்தது. கெண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னோடு பேசினார்.

“மஜ்லிஸ் ஆளுங்களா இவனுங்க?”

“ஆமா அத்த.”

“போச்சு. மஜ்லிஸுக்கே தே ஆத்திக் குடுத்துட்டேன். இனிமே என்னத்த மறைக்கிறது?”

“காசு வாங்கினீங்களா?”

“ஏன், மஜ்லிஸ்னா சும்மாவா? ஒரு கப்புக்கு ஒரு வெள்ளி. அந்த வயசானவரு ரெண்டு கப்பு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கும் வந்தது. அதை மறைக்க அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு கருப்புப் பைகள். பின்கதவு வழியாகவே நீட்டினார். “இந்தாங்க, கொண்டு போங்க. பில்லு வந்தா வரட்டும். எம் மருமகதான எழுதப்போறா.”

தம்பி மகள் என்ற முறையில் நான் அவருக்கு மருமகள்தான். ஒரு காலத்தில் தன் மகனுக்கே என்னைக் கட்டி வைக்கும் ஆசையும் அவருக்கு இருந்தது. அந்த விஷயம் வேறு. ஆனால் அன்று அந்தச் சொல் காதுக்கு இனித்தது.

அத்தை கொடுத்ததைப் பார்த்துவிட்டு மூன்றாவது வீட்டு அக்காள் கொடுத்தார். பிறகு மூலை வீடு. மாத முடிவில் லோரி நிற்காமல் போக முடியாத அளவுக்குப் பைகள் வந்தன. பள்ளத்தை ஒரே நாளில் யாரும் காலி செய்யவில்லை. மன்றம் ஒரு நாள் மண்வாரி அனுப்பியது. மற்றதை வரிசை ஆண்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கி அள்ளினார்கள். அத்தை தே கொடுத்தார். அவர்களிடம் காசு வாங்கவில்லை.

அளவெடுக்கும் நாளில் அத்தை நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். லேசர் கருவி இருக்கிறது, நாடா தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “எங்க வீட்ட நான் பிடிச்சி அளப்பேன், ஒன் லைட்ட நம்ப மாட்டேன்,” என்றார். சமையலறையை அளந்தபோது அடுப்பையும் கதவில் போட்ட புதுப் பலகையையும் அப்படியே எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் சந்தோஷமாகக் கட்டுகிறார்கள் என்று சொன்னால் பொய். ஆட்சேபம் சொல்ல உரிமை உண்டு என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். மூலை வீட்டு அண்ணன் விசாரணைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். ஓட்டை ஒழுகும் கூரையைப் படம் எடுத்துக் காட்டி, கொஞ்சம் குறைத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறார். ஒரு வீடு இன்னும் சிங்க் தகட்டைக் கழற்றவில்லை. பழுதுபட்டு லோரி ஒரு வாரம் வராதபோது வரிசை முழுக்க என்னைத்தான் பிடித்துக்கொண்டது. “கட்டுறோம்ல? எங்கே லோரி?” என்று அம்மாவே கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் அரசாங்க அலுவலகத்தைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

பாதை காய்ந்துவிட்டது. நேப்பாளிப் பையன்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அந்தக் கதவை என்றைக்கு வேண்டுமானாலும் மூடச் சொல்லலாம் என்பது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். போன வாரம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுவிட்டேன். ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் வகுப்பைப் பற்றிச் சொன்னேன்.

“வகுப்பா? ஒரு நாள் பூரா ஒக்காரணுமா?”

“ஆமா அத்த. தமிழ்லயே சொல்லிக் குடுப்பாங்க.”

“வேணாம்டி. ஊசி இன்னும் ரெண்டு போடச் சொல்லு, போட்டுக்கிறேன். வகுப்பு மட்டும் வேணாம். பெஞ்சில ஒக்காந்து அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எதையாச்சும் கேட்டா என்னா சொல்லுவேன்? எல்லாரும் சிரிப்பாங்க.”

மண்டோரோடு சண்டை போட்டவர் மருத்துவமனை வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

“நானும் கூட ஒக்காருறேன்,” என்றேன்.

“நீ எதுக்கு? நீதான் எல்லாத்தயும் படிச்சிட்டியே.”

“தே ஆத்தப் படிக்கலயே.”

என் தோளில் ஒரு அடி வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரைப் பேருந்து நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சாமான் வாங்கிவருகிறேன் என்று சொல்லி அலுவலகப் பக்கம் நடந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தாவில் நடக்கும் வகுப்புக்கு இரண்டு பெயரைக் கொடுத்து, முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து இடமாகக் கேட்டுப் பதிவு செய்துவிட்டேன்.